வாசகர் கேள்வி - பதில்: ரயில் பயணத்துக்கு இருவர் ஆட்டம்

கேள்வி: நானும் என் மகளும் கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் செல்வது வழக்கம். சதுரங்கத்தை எடுத்துச் சென்றால் வண்டியின் குலுக்கலில் காய்கள் சரிந்துவிடுகின்றன. சீட்டுக்கட்டோ இருவருக்கு விரைவில் சலித்துவிடுகிறது. கைப்பேசி வேண்டாம். கைப்பையில் அடங்குகிற, இருவருக்கென்றே அமைந்த, யோசித்து ஆட வேண்டிய ஆட்டம் ஒன்றைச் சொல்ல முடியுமா? (வாசகி, வேலூர்)

பதில்: தயங்காமல் ‘ஹைவ்’ என்ற ஆட்டத்தைச் சொல்வேன். ஜான் யியானி என்பவர் வடிவமைத்து 2001இல் வெளியான இந்த ஆட்டத்துக்குப் பலகையும் கிடையாது, பகடையும் கிடையாது. ஆளுக்கு 11 அறுகோணக் காய்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சியின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கும். ராணித் தேனீ ஒன்று, வண்டு இரண்டு, சிலந்தி இரண்டு, வெட்டுக்கிளி மூன்று, எறும்பு மூன்று. எதிராளியின் ராணியை ஆறு பக்கங்களிலும் காய்களால் அடைத்துவிட்டால் வெற்றி. அடைக்கும் காய்கள் யாருடையவையாகவும் இருக்கலாம் என்பதால், தன் காய்களே தன் ராணிக்குச் சுவராகி ஒருவர் தோற்பது இங்கே அடிக்கடி நடக்கும். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் புலியை நகரவிடாமல் மடக்குவதை அறிந்தவர்களுக்கு இதன் நோக்கம் உடனே பிடிபட்டுவிடும். ஆனால் இங்கே வெட்டுவது என்பதே இல்லை. களத்துக்கு வந்த காய் இறுதிவரை களத்திலேயே இருக்கும்.

தன் முறை வரும்போது ஒருவர் கையிலுள்ள புதுக் காய் ஒன்றை வைக்கலாம், அல்லது களத்திலுள்ள தன் காய் ஒன்றை நகர்த்தலாம். புதுக் காயைத் தன் நிறக் காயை மட்டுமே தொடும்படி வைக்க வேண்டும். இருவரும் வைக்கும் முதல் காய்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. நான்காவது முறைக்குள் ராணி களத்துக்கு வந்துவிட வேண்டும். தன் ராணி வரும்வரை ஒருவர் எந்தக் காயையும் நகர்த்த முடியாது. ராணி ஒரே ஓர் இடம், அதாவது ஒரு காயின் அளவு, நகரும். சிலந்தி, களத்தில் சேர்ந்திருக்கும் காய்க் கூட்டத்தின் ஓரமாகச் சரியாக மூன்று இடங்கள் நடக்கும். எறும்பு ஓரமாகவே எவ்வளவு தொலைவும் ஓடும். வெட்டுக்கிளி நேர்கோட்டில், இடையிலுள்ள காய்களைத் தாண்டி, அடுத்த காலியிடத்தில் குதிக்கும். வண்டு ஓர் இடம்தான் நகரும் என்றாலும் பிற காய்களின் மேல் ஏறி உட்காரக்கூடியது.

இந்த ஆட்டத்தின் உயிர் என்று நான் கருதுவது இன்னொரு விதியை. களத்திலுள்ள காய்கள் அனைத்தும் எப்போதும் ஒரே கூட்டமாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு காய் நகர்ந்துகொண்டிருக்கும் கணத்தில்கூடக் கூட்டம் இரண்டாகப் பிரியக் கூடாது. எதிராளியின் எறும்பு கூட்டத்தின் ஓரத்தில் ஒரே ஒரு காயை மட்டும் தொட்டபடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிலந்தியைக் கொண்டுபோய் அந்த எறும்பை மட்டுமே தொடும்படி அதன் வெளிப்புறத்தில் நிறுத்திவிட்டால், எறும்பு நகர்ந்தவுடன் சிலந்தி தனித்துப் போகும். ஆகவே எறும்பு அசையவே முடியாது. எவ்வளவு தொலைவும் ஓடக்கூடிய காயை மூன்று இடம் மட்டும் நடக்கும் காய் கட்டிப்போட்டுவிடுகிறது. உங்கள் சிலந்தியோ வேண்டியபோது விலகிச் செல்லும் உரிமையோடு நிற்கிறது. இப்படி எதிராளியின் காய்களை ஒவ்வொன்றாக முடக்குவதும், தன் காய்கள் முடங்காமல் பார்த்துக்கொள்வதும்தான் நல்ல ஆட்டம். ராணியைச் சுற்றி எத்தனை இடங்கள் நிரம்பியிருக்கின்றன என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர், இன்னும் நகரக்கூடிய காய்கள் யாரிடம் அதிகம் என்பதைக் கவனிப்பவரிடம் பெரும்பாலும் தோற்றுப்போவார்.

பயணத்துக்கு இது ஏற்றது என்று நான் சொல்வதற்குச் சிறிய அளவு மட்டுமே காரணமன்று. பலகை இல்லாததால், தட்டையான எந்த இடமும் ஆடுகளமாகிவிடுகிறது. ஆட்டம் பெர்த்தின் விளிம்பை நோக்கி வளர்ந்துவிட்டால், மொத்தக் கூட்டத்தையும் இரு கைகளாலும் அணைத்து நடுவே தள்ளிக்கொள்ளலாம், நிலை மாறாது. நிற்கும் காய்கள் அல்ல, படுக்கையாக ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் காய்கள் என்பதால் வண்டியின் குலுக்கலையும் பெருமளவு தாங்கும். சைடு லோயர் இருக்கையில் எதிரெதிரே அமர்ந்து, நடுவில் ஒரு துண்டை மடித்து விரித்து, அதன் மேல் ஆடிப் பாருங்கள். வழுக்கல் வெகுவாகக் குறையும். ஓர் ஆட்டம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், சாப்பாடு வரும் நேரத்திலோ இறங்க வேண்டிய நிலையம் நெருங்கும்போதோ பாதியில் கலைக்க வேண்டியிருக்காது.

வாங்கும்போது ‘ஹைவ் பாக்கெட்’ என்ற சிறிய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். பெரிய பதிப்பின் காய்கள் கைக்குக் கனமாகவும் இதமாகவும் இருக்கும். வீட்டில் ஆட அவையே சிறந்தவை. ஆனால் பாக்கெட் பதிப்பு ஒரு சுருக்குப்பையில் அடங்கிவிடுகிறது. அத்துடன் பின்னாளில் துணைக் காய்களாக வந்த கொசுவும் பொறிவண்டும் அதிலேயே சேர்ந்து வருகின்றன. கொசு, தான் தொட்டுக்கொண்டிருக்கும் காயின் நடையைக் கடன் வாங்கி நகரும். பொறிவண்டு கூட்டத்தின் மேல் ஏறி இரண்டு இடம் நடந்து, மூன்றாவதாகக் கீழே இறங்கும். முதலில் சில ஆட்டங்களுக்கு இவ்விரண்டையும் பையிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஹைவ் இருக்கிறது. பத்து வயது மகன் என்னிடம் தொடர்ந்து தோற்பதால் மனம் தளர்ந்துவிட்டான். விட்டுக்கொடுத்து ஆடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தெரிந்தே தவறாக ஆடாதீர்கள்; பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வார்கள், அது அவர்களை மேலும் நோகச் செய்யும். அதற்குப் பதிலாக ஆட்டம் தொடங்கும் முன்பே, அவனுக்குத் தெரிய, உங்கள் எறும்புகளில் ஒன்றையோ இரண்டையோ ஒதுக்கி வையுங்கள். எறும்பே மிக எளிதாக எங்கும் சென்று சேரும் காய் என்பதால், வேறுபாடு உடனே தெரியும். அவன் வெல்லத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டின் வலிமையையும் அவனுக்குக் காட்டிக்கொடுங்கள். உங்கள் வண்டு எதிராளியின் ராணி மேல் ஏறிவிட்டால் ராணி நகர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலே இருக்கும் காயின் நிறமே அந்த இடத்தின் நிறமாகக் கணக்கிடப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதாவது, எதிராளியின் வேறு காய்கள் தொடாத பக்கங்களில், கையிலுள்ள புதுக் காய்களை ராணிக்கு அருகிலேயே நேரடியாக வைத்துவிடலாம். எறும்பு ஓடிச் சுற்றிவர வேண்டிய இடத்துக்குப் புதுக் காய் ஒரே முறையில் வந்துவிடுகிறது. இதை ஒருமுறை செய்து பார்த்த பிள்ளை பிறகு வண்டை விடமாட்டான்.

இன்னொன்று. இரண்டு காய்களுக்கு இடையே காய் நுழையும் அளவு இடைவெளி இல்லாவிட்டால், தரையில் நடக்கும் பூச்சிகள் உள்ளே செல்ல முடியாது. வெட்டுக்கிளி மட்டும் குதித்து இறங்கலாம், வண்டு மேலே ஏறி இறங்கலாம். ராணியைச் சுற்றி ஓர் இடமே மீதமிருந்து அதுவும் இப்படி நெருக்கப்பட்டிருந்தால், கடைசி வெட்டுக்கிளியை வீணாக்காமல் வைத்திருந்தவரே ஜெயிப்பார். முதல் ஆட்டங்களில் பிள்ளைகள் வெட்டுக்கிளிகளையெல்லாம் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுவது வழக்கம்.

கேள்வி: பயணத்தில் ஒரு சிலந்திக் காய் தொலைந்துவிட்டது. இனி ஆட முடியாதா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தாராளமாக ஆடலாம். எதிர் நிறத்திலிருந்தும் ஒரு சிலந்தியை எடுத்து வைத்துவிட்டு, ஆளுக்குப் பத்துக் காய்களோடு ஆடுங்கள். இரு தரப்பும் சமமாக இருக்கும் வரை ஆட்டம் கெடுவதில்லை. ராணி தொலைந்தால் மட்டும் இது பொருந்தாது. அப்போது அதே நிறத்தில் ஆட்டத்தில் சேர்க்காமல் வைத்த காய் ஒன்றின் மேல் சிறு ஸ்டிக்கர் ஒட்டி அதையே ராணியாகக் கொள்ளுங்கள்.