குழந்தைக்கு மசாஜ்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

பச்சக்குழந்தைங்க ஐசியூல நர்ஸா இருக்கேன். மசாஜ் பத்தி என்ன வேணா கேளுங்க, மருந்து டோஸ் மட்டும் கேக்காதீங்க, அது உங்க டாக்டர் சொல்லணும்.

கேள்வி: எட்டாம் மாசமே பொறந்துட்டா, 1.6 கிலோ. மசாஜ் பண்ணா வெயிட் ஏறும்னு அத்தை சொல்றாங்க, நெஜமாக்கா?

ஏறும்மா. அமெரிக்கால மியாமில டிஃபனி ஃபீல்டுனு ஒரு சைக்காலஜிஸ்ட், 1986ல குறைமாச பிள்ளைங்களுக்கு 15 நிமிஷம் வீதம் தினம் மூணு தடவை, 10 நாள் மசாஜ் பண்ணி பாத்தாங்க. முதல்ல தடவல், நடுவுல கை கால மடக்கி நீட்டுறது, திரும்ப தடவல். மசாஜ் பண்ணாத பிள்ளைங்கள விட தினசரி எடை 47 சதவீதம் கூடுதலா ஏறுச்சு, ஆறு நாள் முன்னாடியே வீட்டுக்கும் போச்சுங்க. இத்தனைக்கும் பால் அதிகமா குடிக்கல. தோலுக்கு அடில அழுத்தம் பட்டா மூளைல இருந்து இதயம், வயிறு வரைக்கும் போற வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு வயிறு நல்லா வேலை செய்யுது, இதயத்துடிப்பு நிதானமாகுதுனு அப்புறம் கண்டுபிடிச்சாங்க. ஆனா அதெல்லாம் சின்ன சின்ன ஆய்வு, நிறைமாச பிள்ளைக்கு இதே அளவு பலன் இருக்குன்னு ஆதாரம் கம்மி. உங்க பாப்பாக்கு வார்டுல கேட்டுட்டே ஆரம்பிங்க.

கேள்வி: என்ன எண்ணெய்?

தேங்காய் எண்ணெய். கடுகெண்ணெய், ஆலிவ் ஆயில் வேணாம், தோலோட பாதுகாப்ப கெடுக்கும். மூக்குலயும் காதுலயும் ஒரு சொட்டு கூட விடாதீங்க, மூக்குல விட்டது நுரையீரலுக்கு போயி நிமோனியா வரும்.

கேள்வி: எண்ணெய்தான் உடம்புல இறங்கி சதை போடுது, தடவுறதுல ஒண்ணுமில்ல. எங்க பாட்டி பத்து பிள்ளை வளத்தவங்க.

பாட்டிய மதிக்கிறேன் தம்பி, ஆனா மேல சொன்ன டிஃபனி ஃபீல்டோட டீமே இத வேற மாதிரி பாத்தாங்க. ஒரே மாதிரி தடவல், ஒரு குரூப்புக்கு லேசா, இன்னொண்ணுக்கு மிதமா அழுத்தி. மிதமா அழுத்துன பிள்ளைங்களுக்குதான் எடை அதிகமா கூடுச்சு. லேசா தடவுனா கூச்சம்தான் வரும், நெளியும்.

கேள்வி: (அதே தம்பி) அப்ப எண்ணெய் வேஸ்ட்டா?

அப்படி சொல்லல. டாக்கால குறைமாச பிள்ளைங்களுக்கு சூரியகாந்தி எண்ணெய் தடவுனதுல ஆஸ்பத்திரி தொற்று 41 சதவீதம் குறைஞ்சுச்சு, 2005ல வந்த ஆய்வு. மும்பைல அதே வருஷம் தேங்காய் எண்ணெய் மசாஜ்ல எடை நல்லா ஏறுச்சு. எண்ணெய்க்கு தோல்ல வேலை இருக்கு, அழுத்தத்துக்கு நரம்புல வேலை இருக்கு, நீங்க ஒண்ணுக்கே முழு கிரெடிட்டும் குடுக்க பாக்குறீங்க.

கேள்வி: பையன் மசாஜ் ஆரம்பிச்சாலே கத்துறான்.

அப்ப நிறுத்துங்க. முகத்த திருப்புறான், விரல விரிச்சு விறைக்கிறான், விக்கல் எடுக்குது, அடிக்கடி கொட்டாவின்னா போதும்னு சொல்றான். பால் குடிச்சு முக்கால் மணி நேரம் கழிச்சு, முழிச்சு அமைதியா இருக்கும்போது பண்ணுங்க. கால்ல ஆரம்பிங்க, நெஞ்சு வயிறெல்லாம் அப்புறம்.

கேள்வி: எந்த எண்ணெய் நல்லது மேடம்?

மேல இருக்கு, படிங்க. மூக்கு, காது, ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி: குளிப்பாட்ட வர்ற அம்மா குழந்தையோட மார்ப பிதுக்கி பால் எடுக்குறாங்க.

உடனே நிறுத்த சொல்லுங்க. அது பெத்த அம்மாவோட ஹார்மோனால வர்றது, தானா வத்திடும். பிதுக்குனா சீழ் கட்டும்.

கேள்வி: குழந்தைக்கு உரம் (சுளுக்கு) விழுந்துடுச்சு, பால் குடிக்கல, உரம் எடுத்து விடலாமா?

கூடாது. உரம் எடுக்குறேன்னு தலைகீழா தூக்கி உலுக்குனா மூளைல ரத்தக்கசிவு வரலாம். பால் குடிக்காத பச்சக்குழந்தைக்கு எதுவா வேணா இருக்கும், கிருமித்தொற்றா கூட. இப்பவே ஆஸ்பத்திரி கூட்டிட்டு போங்க, காலைல பாக்கலாம்னு வைக்காதீங்க.