கரண்ட் வைத்தால் கால் தப்புமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, இலை மூட்டையை மேட்டில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டு வருவது அவர்தான். இடது தொடையில் கட்டி, வலி இல்லை, கொழுப்புக் கட்டி என்று ஒரு வருடம் விட்டுவிட்டோம். இப்போது ஊசி போட்டு எடுத்த பயாப்ஸியில் சர்கோமா (தசை, கொழுப்பு போன்றவற்றில் வரும் புற்றுநோய்) என்று வந்திருக்கிறது. கோவையில் முதலில் ஐந்து வாரம் கரண்ட் (கதிர்வீச்சு), பிறகுதான் ஆபரேஷன் என்கிறார்கள். காலை உடனே எடுத்துவிட்டால் உயிராவது மிஞ்சும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, அப்பாவைக் கோவைக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஐந்து வாரம் தள்ளிப்போடுவது இல்லை, சிகிச்சையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சர்கோமா கட்டியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத புற்று செல்கள் பக்கத்துத் தசைக்குள் போயிருக்கும். கத்தியால் மட்டும் அத்தனையையும் பிடிக்கப் பார்த்தால் தொடையில் மிச்சமே இருக்காது. ஓரத்தில் இருப்பதைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும், கட்டியை சர்ஜன் எடுப்பார், கால் நிற்கும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 43 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 1982-இல் முடிவைச் சொன்னார்கள். காலையோ கையையோ எடுத்த 16 பேருக்கும், எடுக்காமல் ஆபரேஷனோடு கதிர்வீச்சும் கொடுத்த 27 பேருக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. 27 பேரில் 4 பேருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. எலும்பையும் பெரிய நரம்பையும் கட்டி விழுங்கிவிட்டால் சிலருக்குக் காலை எடுக்கத்தான் வேண்டியிருக்கும், ஆனால் உங்கள் அப்பாவுக்கு டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லையே.

ஏன் முதலில்? ஆபரேஷனுக்குப் பின்னால் வைத்தால் பொதுவாக 66 கிரே (கதிர்வீச்சின் அளவு), 33 நாள். முன்னால் வைத்தால் 50 கிரே, 25 நாள் போதும், படும் இடமும் சின்னது. கனடாவில் 190 பேரிடம் ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்டார்கள்: முன்னால் வைத்தவர்களில் 35 சதவீதம் பேருக்குப் புண் ஆறுவதில் சிக்கல், பின்னால் வைத்தவர்களில் 17 சதவீதம். இது நிஜமான தொந்தரவுதான், மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிவரலாம். ஆனால் புண் பெரும்பாலும் ஆறிவிடும், அதிக டோஸில் தசை இறுகி முட்டி மடங்காமல் போனால் அது ஆயுசுக்கும். மேடு ஏறி இறங்கிப் பிழைக்கிற மனிதருக்கு முட்டி மடங்குவதுதானே பெரிசு, நானாக இருந்தாலும் முன்னால் வைப்பதையே கேட்பேன்.

கரண்ட் என்று சொன்னாலும் அது எக்ஸ்ரே போலத்தான், வைக்கும்போது வலிக்காது. வாரத்தில் ஐந்து நாள், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதற்காகத் தினமும் கொண்டை ஊசி வளைவில் இறங்கி ஏற வேண்டாம், கீழேயே ஒரு ரூம் பாருங்கள். முடிந்தபின் தோல் தேற நாலு முதல் ஆறு வாரம் விட்டுத்தான் ஆபரேஷன் வைப்பார்கள், அப்போது ஊருக்கு வரலாம். நெஞ்சு ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று இப்போதே கேளுங்கள், இது பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும்.

அப்புறம் ஒன்று, நம் ஊர்ப் பழக்கம். தொடை இறுகுகிறது, குளிருகிறது என்று நீலகிரித் தைலம் தேய்க்காதீர்கள், சுடுதண்ணீர்ப் பையும் வைக்காதீர்கள். கதிர் பட்ட தோல் வெந்த தோல் மாதிரி. கதிர் படும் இடத்தைக் குறிக்க மையில் போட்ட கோடுகளையும் அழித்துவிடாமல், தளர்வான வேட்டி கட்டி அனுப்புங்கள்.