தேனீயை ‘மீன்’ கணக்கில் ஒரு நீதிமன்றம் சேர்த்தது எப்படி?

அமெரிக்காவில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் பொதுவாகச் சாட்சிகளை மறுபடி விசாரிக்காது. கீழ் நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகப் படித்ததா என்றுதான் பார்க்கும். அதனால் சில வழக்குகள் ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கும்.

2022-இல் கலிபோர்னியாவில் வந்த தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். பம்பிள்பீ எனும் காட்டுத் தேனீயில் நான்கு இனங்களை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்க்கலாமா என்பது கேள்வி. அந்த மாநிலத்தின் அழியும் உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவை, பாலூட்டி, மீன், தாவரம் எல்லாம் உண்டு; பூச்சி இல்லை. பாதாம் விவசாயிகள் அமைப்பு இதைச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தது.

மேல்முறையீட்டில் நீதிபதிகள், சொற்களுக்குப் பொருள் சொல்லும் விளக்கப் பிரிவைப் பார்த்தார்கள். ‘மீன்’ என்பதில் முதுகெலும்பில்லாத உயிர்களும் அடங்கும் என்று சட்டமன்றம் 1969-லேயே சேர்த்திருந்தது. சரி, அது நீர்வாழ் உயிர்களுக்கு மட்டும்தானே? இல்லை, 1980-இல் ஒரு நில நத்தைக்கே பாதுகாப்பு கிடைத்திருந்தது. பழைய சட்டத்துக்குப் பதிலாக 1984-இல் இந்தச் சட்டம் வந்தபோதும் சட்டமன்றம் அந்த நத்தையை நீக்கவில்லை. எனக்கு இந்த நத்தைக் காரணம்தான் வலுவாகப் படுகிறது.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் “வாடகை என்பதில் தண்ணீர்க் கட்டணமும் சேரும்” என்று எழுதியிருந்தால், அப்புறம் தண்ணீர் தனி என்று வாதாட முடியாது. அதே நியாயம்தான் இங்கேயும்.

தேனீ உயிரியல்படி மீன் என்று நீதிமன்றம் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த ஒரு சட்டத்துக்குள் அந்தச் சொல் எதையெல்லாம் குறிக்கும் என்று மட்டுமே அது சொன்னது.