சூத்திரத்துக்கு முன்னால் படம்: ஒட்டுறவுப் பாடத்தில் திணறும் மகளுக்கு

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் ஒட்டுறவுப் பாடம் (இரண்டு அளவுகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று பார்ப்பது) மகளுக்குப் பிடிபடவில்லை, கணக்கு இல்லாத குரூப்புக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். மாற்ற வேண்டாம். இந்தப் பாடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் சிதறல் விளக்கப்படத்தை, அதாவது ஒவ்வொரு சோடி எண்ணையும் ஒரு புள்ளியாகக் குறித்த படத்தை, பார்க்காமலே சூத்திரத்தில் இறங்குகிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. கொஞ்ச நாள் பயிற்சியில் சரியாகிவிடும்.

ஒரு கிராஃப் தாளை எடுத்துக் கொடுங்கள். வேலூர் வெயிலில் ஒரு மோர்க்கடை. ஐந்து நாட்களின் உச்ச வெப்பநிலை 36, 37, 38, 39, 40 டிகிரி. அதே நாட்களில் விற்ற மோர் 40, 50, 45, 60, 55 டம்ளர் என்று வைத்துக்கொள்வோம். வெயில் கிடை அச்சில், விற்பனை செங்குத்து அச்சில். கிடை அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்கினால் புள்ளிகள் எல்லாம் ஓர் ஓரத்தில் நெருங்கிவிடும். 35-இல் தொடங்கி, 2 செ.மீ.க்கு ஒரு டிகிரி வைக்கட்டும். புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்கவே கூடாது. இணைத்துவிட்டால் கண் கோட்டின் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கும், கூட்டத்தின் போக்கு தெரியாது.

இப்போது கேளுங்கள்: புள்ளிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன? இடமிருந்து வலமாக மேலே ஏறுகின்றன, ஆனால் ஒரே கோட்டில் இல்லை. இந்த நெருக்கத்தை அளக்கும் எண்தான் ஒட்டுறவுக் கெழு; அது −1 முதல் 1 வரைதான் இருக்கும். அப்படியென்றால் விடை நேர்மறையாக, 1-ஐ விடக் குறைவாக வர வேண்டும். இதை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுக் கணக்குக்குப் போகட்டும். சராசரிகள் 38, 50. ஒவ்வொரு எண்ணும் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதுதான் விலக்கம். ஒவ்வொரு நாளின் இரு விலக்கங்களையும் பெருக்கிக் கூட்டினால் 40. விலக்க வர்க்கங்களின் கூடுதல்கள் 10, 250. இரண்டையும் பெருக்கினால் 2500, வர்க்கமூலம் 50. ஒட்டுறவுக் கெழு 40/50, அதாவது 0.8. விடை 1-ஐத் தாண்டினால் கணக்கில் பிழை என்று உடனே தெரிந்துவிடும். விலக்கம் எடுக்காமல் எண்களை அப்படியே போடும் நேரடிச் சூத்திரத்தில் அது பெரும்பாலும் வர்க்கங்களின் கூடுதலையும் கூடுதலின் வர்க்கத்தையும் குழப்பிக்கொண்டதால் வரும்.

0.8 என்றால் 80 சதவீதம் என்று எழுதுவது தப்பு. −0.8-ம் அதே அளவு நெருக்கம்தான், திசை மட்டும் எதிர்.

ஆறாவது நாளைச் சேர்த்துப் பாருங்கள்: 41 டிகிரி, ஆனால் கடையைக் காலையிலேயே மூடிவிட்டதால் விற்றது 5 டம்ளர். கெழு ஏறக்குறைய −0.39 ஆகிவிடுகிறது! ஒரே ஒரு புள்ளி குறியையே மாற்றிவிட்டது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு வெயில் ஏறினால் மோர் விற்காது என்று தோன்றும். படத்தைப் பார்ப்பவர் அந்த ஒற்றைப் புள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்பார். 1973-இல் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு தரவுத் தொகுப்புகளைக் காட்டினார். நான்கிலும் கெழு 0.816, ஆனால் வரைந்தால் நான்கும் நான்கு விதம். அவற்றில் ஒன்று வளைகோடு.

இன்னொன்று உங்களுக்கே சொல்ல வேண்டியது. ஒரு வகுப்பில் டியூஷன் நேரத்தையும் மதிப்பெண்ணையும் வரைந்தால் புள்ளிகள் கீழ்நோக்கிச் சரியக்கூடும். டியூஷன் மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. குறைவாக எடுக்கும் பிள்ளைகளைத்தான் அதிக நேரம் அனுப்புகிறோம். மேல்நோக்கி ஏறினாலும் காரணம் டியூஷன்தான் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. மகளுக்கு இன்னொரு டியூஷன் சேர்க்கும் முன் இதை யோசியுங்கள்.

குரூப் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கை விட்டால் பி.எஸ்சி. புள்ளியியல் போன்ற படிப்புகளுக்கான கதவு பெரும்பாலும் மூடிவிடும். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி ஆகியவற்றில் அந்தப் படிப்பு இருக்கிறது. பிறகு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே சி.எம்.சி.யில் (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) உயிரிப் புள்ளியியல் முதுகலை உண்டு. அரசு வேலை என்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் எழுதலாம். ஒரு எச்சரிக்கை: சில கல்லூரிகள் வணிகக் கணிதத்தை ஏற்கும், சில முழுக் கணிதம்தான் கேட்கும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.