இது என்ன பூச்சி? வீட்டுக்குள் திரியும் சின்னஞ்சிறுசுகள் – கேள்வி பதில்

தானியக் கிடங்குகளில் பூச்சி பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். அதனால் அடுப்படிப் பூச்சிகளுக்கு நீளமாகப் பதில் வரும், மற்றவற்றுக்கு வராமலும் போகலாம். கேட்கும்போது நிறத்தை மட்டும் எழுதாதீர்கள். எதற்குள் இருந்தது, பக்கத்தில் என்ன உதிர்ந்து கிடந்தது என்று சொல்லுங்கள். ‘கறுப்பா, சின்னதா’ என்றால் எனக்கு ஒன்றுமே தெரியாது.

தாம்பரம்: அரிசியில் கறுப்பு வண்டு, மூக்கு நீளமாக இருக்கிறது. வாங்கும்போது சுத்தமாகத்தான் இருந்தது. மூட்டையையே கொட்டிவிடலாமா?

கொட்ட வேண்டாம் அம்மா. இது அரிசி வண்டு. சுமார் 3 மி.மீ. இருக்கும். லென்ஸில் பார்த்தால் முதுகில் மங்கலாக நான்கு செம்மஞ்சள் புள்ளிகள் தெரியும். தாய் வண்டு அந்த மூக்கால் அரிசியில் ஒரு குழி தோண்டி, முட்டையை வைத்து, பசை போட்டு மூடிவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளரும். நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும். கடையில் சுத்தமாகத் தெரிந்ததன் ரகசியம் இதுதான். சலித்தாலும் வெளியே இருப்பவைதான் போகும், உள்ளே இருப்பவை அடுத்த வாரம் எட்டிப் பார்க்கும்.

நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, புடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். கொஞ்ச அரிசிதான் என்றால் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். தப்பித்தவறி வயிற்றுக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது. வேப்பிலை போடுவதைத் தடுக்க மாட்டேன், ஆனால் மணிக்குள் இருக்கும் புழுவை அது தொடாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ‘வண்டு மாத்திரை’ என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயுவாக மாறும். பயிற்சி பெற்றவர்கள் கிடங்கை மூடி வைத்துப் பயன்படுத்தும் மருந்து அது. ஆட்கள் படுத்துத் தூங்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

ஓசூர்: மைதாவிலும் அதே அரிசி வண்டு வந்திருக்கிறது. சரிதானே?

இல்லை. மூக்கு இல்லாமல், தட்டையாக, செம்பழுப்பாக இருக்கிறதே, அது மாவு வண்டு. முழு மணியைக் கடிக்க அதற்குத் தெம்பில்லை. மாவு, ரவை, நொய் என்று உடைந்ததில்தான் பெருகும். கூட்டம் அதிகமானால் அது விடும் சுரப்பில் மாவுக்கு ஒரு காட்டமான நெடி வரும், லேசாக இளஞ்சிவப்பும் ஏறும். நெடி வந்த மாவைக் கொட்டிவிடுங்கள். டப்பா மூடியின் மரையையும் துடையுங்கள், மிச்சம் அங்கேதான் இருக்கும்.

மானாமதுரை: தட்டைப்பயறு மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பூஞ்சையா?

முட்டை. பயறு வண்டு ஒவ்வொரு பயறிலும் ஒட்டிவிட்டுப் போனது. புழு நேராக உள்ளே குடைந்து, வளர்ந்ததும் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். வேடிக்கை என்னவென்றால், வெளியே வந்த வண்டு சேமித்த பயறில் எதையும் தின்பதில்லை. முட்டையிட்டுவிட்டுச் சில நாளில் செத்துவிடும். கெடுதல் எல்லாம் புழு செய்ததுதான். அடுத்த முறை வாங்கியதும் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி வையுங்கள். பாட்டிமார் செய்ததுதான். எண்ணெய்ப் பூச்சில் முட்டைக்குக் காற்று கிடைக்காது. உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

வேளச்சேரி: சுவரில் சிமெண்டுத் துணுக்கு ஒன்று தானாக நகர்கிறது. விஷமா?

விஷம் இல்லை. அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு. மணல், தூசி, நூல் பிசிறு எல்லாவற்றையும் பட்டு இழையால் ஒட்டி, வெள்ளரி விதை வடிவத்தில் ஒரு கூடு செய்து, அதைத் தூக்கிக்கொண்டே திரியும். கூட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல். உள்ளேயே திரும்பி எந்தப் பக்கமும் தலை நீட்டும். பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி, கம்பளித் துணி இவைதான் சாப்பாடு. ஒட்டடை அடித்து, கட்டிலுக்குப் பின்னால் பெருக்கினால் போதும்.

கும்பகோணம்: ராத்திரி ட்யூப்லைட் பக்கம் எறும்பு மாதிரி, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, ஒரு பூச்சி வருகிறது. மறுநாள் என் மகன் கழுத்தில் கோடு இழுத்தது போல் எரிச்சல், கொப்புளம். பல்லி எச்சம் என்கிறார்கள்.

பல்லி பாவம், விட்டுவிடுங்கள். இது எறும்பும் இல்லை, வண்டு. அறிவியல் பெயர் பேடரஸ். இறக்கை மூடி குட்டையாக இருப்பதால் எறும்பு போலத் தெரிகிறது. இது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது கையால் தேய்த்து நசுக்குகிறோம் பாருங்கள், அப்போது அதன் உடல்நீரில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலில் படுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் எரிச்சல் தெரியும். அதனால் யாருக்கும் பூச்சி நினைவுக்கு வராது. மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

மன்னார்குடி: சார், அது அக்கி. எங்கள் ஊரில் காவி கரைத்து அக்கி எழுதினால் நின்றுவிடும். பூச்சி என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

இரண்டும் வேறு. சின்னம்மை போட்ட வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பின்னாளில் கிளம்புவதுதான் அக்கி. பெரும்பாலும் முதலில் வலி வரும், பிறகுதான் கொப்புளம். உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை போல் ஓடும், நடுக்கோட்டைத் தாண்டாது. வண்டுப் புண் அப்படி இல்லை. பூச்சி தேய்ந்த வழியில் கோடாக வரும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் அச்சு வைத்தது போல் ஒரே மாதிரிப் புண் வரும். வைரஸ் அப்படிச் செய்யாது.

மன்னார்குடி: அப்புறம் எழுதினால் ஏன் சரியாகிறது?

எழுதாவிட்டாலும் வண்டுப் புண் இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும், கறுப்புத் தழும்பு மட்டும் கொஞ்ச நாள் இருக்கும். எழுதுபவருக்கு நல்ல பெயர். என் கவலை நிஜமான அக்கி பற்றித்தான். கொப்புளம் கிளம்பி 3 நாளுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் அதிகம். அந்த 3 நாளைக் காவியில் கழிக்காதீர்கள்.

திருவையாறு: நடுவில் வருகிறேன். எங்கள் வயலிலும் அந்தப் பூச்சி உண்டு. மருந்தடித்து ஒழித்துவிடலாமா?

கேட்டீர்களே! வயலில் அது உங்கள் கூலியில்லா ஆள். நெற்பயிரில் சாறு உறிஞ்சும் புகையானையும் மற்றத் தத்துப்பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். டெல்டா வீடுகளில் மழைக்குப் பிறகும் அறுப்புக்குப் பிறகும் அதிகம் வருவது வயல் பக்கத்தில் இருப்பதால்தான். வயலில் விட்டுவிடுங்கள். வீட்டில் ஜன்னலுக்கு வலை அடித்து, படுக்கைக்கு நேர் மேலே விளக்கு எரியாமல் பாருங்கள்.

மன்னார்குடி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி.

பெரம்பூர்: சுவரில் சாம்பல் நிறத் துணுக்கு நகர்கிறது…

வேளச்சேரி பதில்.

குலசேகரம்: கோடை மழை பெய்ததும் ஆயிரக்கணக்கில் கறுப்பு வண்டு ஓட்டுக்கூரையில் அடைகிறது. தொட்டால் நாற்றம்.

ரப்பர் தோட்டம் பக்கத்தில் இருக்குமே? கேரளத்தில் முப்ளி வண்டு என்பார்கள். உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று பெருகி, மழை தொடங்கியதும் வீட்டுக்குள் வந்து மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். கடிக்காது. நசுக்கினால் அந்த நாற்றச் சுரப்பு தோலில் பட்டு எரியும். கூரை முழுக்க மருந்தடித்து அதன் கீழேயே படுப்பதை விட, வரும் நேரத்தில் வெளி விளக்கை அணைத்து, விழுந்ததைப் பெருக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவது மேல்.

நாமக்கல்: கோழிப்பண்ணையில் ஈ.

கால்நடைத் துறையில் கேளுங்கள். நான் வீட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்பத்தூர்: பாத்ரூம் சுவரில் முடி முடியாக, இதய வடிவில் குட்டி ஈ. ஃபினாயில் ஊற்றியும் போகவில்லை.

சாக்கடை ஈ. அதன் புழு குழாய்க்குள் படிந்த வழவழப்பில் வளர்கிறது. ஃபினாயில் மேலோடு ஓடிவிடும். ஜாலியைக் கழற்றி பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

திருச்சி: சுவரில் விதை மாதிரி ஒன்று…

வேளச்சேரி! மேலே!

விருதுநகர்: மரக் கட்டிலுக்கு அடியில் தினமும் ரவை மாதிரி கொட்டுகிறது. உளுத்துப் போய்விட்டதா?

விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல மழமழவென்று இருந்து, மரத்தில் குண்டூசி அளவு ஓட்டைகள் இருந்தால் உளு, அதாவது மரத்தைக் குடையும் வண்டு. நீங்கள் சொல்வது போல நறநறவென்று, லென்ஸில் ஆறு பட்டையுடன் தெரிந்தால் அது உலர்மரக் கறையானின் எச்சம். இந்தக் கறையானுக்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். மண்புற்றுத் தேடித் தரையில் மருந்து ஊற்றுவது வீண். கட்டிலைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி வரும் சட்டத்தை மட்டும் தச்சரிடம் காட்டி மாற்றுங்கள். மற்றச் சட்டங்களையும் அவரையே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.