ஆகாதவனும் தள்ளுபடியான வெள்ளியும்

அன்புள்ள ஐயா,

ரோமர் 1:28-இல் ‘கேடான சிந்தை’, 1 கொரிந்தியர் 9:27-இல் ‘ஆகாதவனாய்ப்போகாதபடிக்கு’. இரண்டும் கிரேக்கத்தில் ஒரே சொல் என்று வேதபாட வகுப்பில் சொன்னார்கள். தேவன் முன்பே ஒதுக்கிவைத்தவர்கள் என்றா பொருள்? பவுலுக்கே அந்தப் பயம் இருந்ததா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே சொல்தான்: அடோகிமோஸ். புதிய ஏற்பாட்டில் 8 முறை வருகிறது. சோதித்துப் பார்த்ததில் தேறாதது என்று பொருள். சோதனை முந்தி, தள்ளுவது பிந்தி. ‘முன்பே ஒதுக்கியது’ என்று படித்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

நாணயத்துக்கும் உலோகத்துக்கும் புழங்கிய சொல் இது. கி.மு. 375-ஐ ஒட்டிய ஏதென்ஸ் சட்டம் ஒன்று கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. சந்தையில் நாணயம் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். மேலே வெள்ளி, உள்ளே வெண்கலமோ ஈயமோ என்று தெரிந்தால் அங்கேயே வெட்டிவிடுவார். அவருடைய பதவிப் பெயரும் இதே வேர்ச்சொல்தான்.

எரேமியா 6:29-30-ஐயும் எடுத்துப் பாருங்கள். வெள்ளியோடு ஈயம் சேர்த்து உருக்கித் துருத்தி ஊதினால், ஈயம் கசடை இழுத்துக்கொண்டு பிரியும், வெள்ளி நிற்கும். இங்கோ ஈயம் அழிந்தது, துருத்தியே வெந்தது, பொல்லாப்பு மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஜனங்களுக்கு ‘தள்ளுபடியான வெள்ளி’ என்ற பெயர் விழுகிறது.

1 கொரிந்தியர் 9-இல் பவுல் பேசுவது ஓட்டக்களத்தைப் பற்றி. 24-ஆம் வசனத்திலிருந்து படித்தால் தெரியும். மற்றவர்களை ஓட அழைத்தவன் தானே தேறாமல் போகக்கூடாதே என்ற ஜாக்கிரதை அது.

ரோமர் 1:28-இல்தான் தமிழில் பெரிய இழப்பு. ‘மனதில்லாதிருந்தபடியால்’ என்ற இடத்திலும் மூலத்தில் இதே வேர்தான் இருக்கிறது. தேவனை அறியும் அறிவை அவர்கள் சோதித்து, வேண்டாம் என்றார்கள். தேவன் அவர்களைத் தேறாத சிந்தைக்கு ஒப்புக்கொடுத்தார். ஒரே சொல்லின் அடியும் எதிரடியும் அது. நம் மொழிபெயர்ப்பில் காதில் விழுவதில்லை.

சோதிக்கிற மனிதர்கள் தவறுவதும் உண்டு. ‘வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்’ (மத்தேயு 21:42) என்பதிலும் இதே வேரில் பிறந்த வினைதான்.

2 கொரிந்தியர் 13:5-இல் உள்ள ‘பரீட்சைக்கு நில்லாதவர்கள்’ என்பதே மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது. மற்ற இடங்களிலும் அதைப் பொருத்திப் படித்துப் பாருங்கள். எபிரெயர் 6:8-இன் ‘தகாத’ நிலம்கூட, அடிக்கடி பெய்த மழையைக் குடித்தபின்பும் முள்ளையே முளைப்பித்த நிலம்தான்.