"இன்றே கட்டினால் தள்ளுபடி" என்கிறார்கள்: கடலோரச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பிரான்சிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. எல்லாருமாக 14 பேர், கடலோரமாக நான்கு நாள் சுற்றிவர ஆசை. ஆகஸ்ட் கடைசி வாரம் வியாழன் கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். ஏஜென்ட் ஒருவர் கைடுடன் ஆளுக்கு 8,900 ரூபாய் கேட்கிறார். அவர் போட்டுத் தந்த பட்டியல்: முதல் நாள் பழவேற்காடு படகு சவாரி, மாமல்லபுரம்; வெள்ளிக்கிழமை புதுச்சேரி, பிச்சாவரம், சிதம்பரம், தரங்கம்பாடி; சனிக்கிழமை பூம்புகார், கங்கைகொண்ட சோழபுரம், நாகூர்; ஞாயிறு வேளாங்கண்ணி, ஊர் திரும்புதல். இன்று இரவுக்குள் 70 சதவீதம் ஜிபேயில் போட்டால்தான் இந்த விலையாம். கட்டலாமா?

பதில்: இன்று இரவு கட்டாதீர்கள். 14 பேருக்கு 1,24,600 ரூபாய். அதில் 70 சதவீதம் 87,220. ஒரு வண்டி எண்ணோ ஒரு ஓட்டல் பெயரோ கையில் வராமல் இவ்வளவு பணம் யார் கணக்குக்கும் போகக் கூடாது.

உங்களிடம் பேசுகிறவர் இந்தப் பயணத்தை நடத்தப்போகிறவராக இருக்க வாய்ப்பு குறைவு. போனும் வாட்ஸ்அப் போஸ்டரும் மட்டும் வைத்துக்கொண்டு தொழில் செய்கிறவர்கள் இதில் ஏராளம். உங்களைப் போல ஒரு 'பார்ட்டி' சிக்கியதும் தலைக்கு இவ்வளவு என்று இன்னொருவரிடம் தள்ளிவிடுவார். அவர் வண்டிக்காரரிடம் தள்ளுவார். மூன்று கை மாறியதில் உங்கள் பணம் எந்தக் கையோடு நின்றது என்பது புதுச்சேரி ஓட்டல் வரவேற்பறையில், "ரூம் போட்டிருக்கிறார்கள், ஆனால் பணம் வரவில்லை" என்று சொல்லும்போதுதான் தெரியும். குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் யாரும் சண்டை போட மாட்டார்கள், மறுபடி ஒருமுறை கட்டிவிடுவார்கள். இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

அதனால் அவரிடம் மூன்று கேளுங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, தனி ஆள் பெயரிலா? அறை பதிவான ஓட்டல்களின் பெயர் என்ன? ஜிஎஸ்டி எண் என்ன? அந்த எண் 15 எழுத்து கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். சுற்றுலா நடத்துகிறவர்கள் வழக்கமாக 5 சதவீதம் வரி போடுவார்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சிறிய ஆட்களுக்கு எண் தேவையில்லை. அது குற்றமும் இல்லை. ஆனால் எண் இல்லாதவர் பில்லில் 'ஜிஎஸ்டி 5%' என்று போட்டால் அந்தப் பணம் நேராக அவர் பைக்குப் போகிறது.

ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் 'அல்லது அதே தரத்தில்' என்று எழுதியிருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். கடற்கரைக்கு எதிரே என்று படம் காட்டிவிட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் படுக்க வைப்பது அந்த மூன்று வார்த்தையை நம்பித்தான். 'டிரிபிள் ஷேரிங்' (ஒரு அறையில் மூன்று பேர்) என்றால் பெரும்பாலும் மூன்றாவது ஆளுக்குக் கட்டில் கிடையாது, தரையில் ஒரு மெத்தை. ஒப்புக்கொள்வது உங்கள் விருப்பம், தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: பதிவின்போது கால் பங்கு. ஓட்டலுக்கு நீங்களே போன் போட்டு உங்கள் பெயரில் அறை இருப்பதை உறுதி செய்த பிறகு இன்னொரு கால் பங்கு. கிளம்பும் காலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை வீட்டு வாசலில் இறங்கியதும் கொடுங்கள். "அப்படி யாருமே தருவதில்லை" என்பார். தருகிறார்கள், கேட்டால் ஒத்துக்கொள்ளவும் செய்கிறார்கள்.

அடுத்து அந்தப் பட்டியல். அதைப் போட்டவர் ஒருமுறையாவது அந்தச் சாலையில் போயிருப்பாரா என்பதே சந்தேகம். பழவேற்காடு உங்களுக்கு வடக்கே, மாமல்லபுரம் தெற்கே. ஒரே நாளில் இரண்டும் என்றால் காலையில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்த் திரும்பி, மத்தியான வெயிலில் சென்னையை முழுசாகக் கடக்க வேண்டும். பழவேற்காட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் பொன்னேரி, அங்கிருந்து பஸ். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்களை விட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஏஜென்டே தேவையில்லை.

அங்கே 'படகு சவாரி' என்று போட்டிருப்பதுதான் எனக்குக் கோபம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். உயிர்காப்பு அங்கி இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. தடை என்பது பலகையில். கரையில் யாராவது மீன்பிடிப் படகைக் காட்டிக் கூப்பிடுவார்கள், ஏஜென்டும் அதைத் துணிந்து விலையில் சேர்ப்பார். ஏறாதீர்கள். படகு ஆசைக்கு பிச்சாவரம் இருக்கிறது: சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கவுன்ட்டர், ரசீது, உயிர்காப்பு அங்கி. அங்கே துடுப்புப் படகு எடுங்கள். அலையாத்திக் காட்டின் குறுகிய கால்வாய்களுக்குள் மோட்டார் படகு நுழையாது.

இந்த வழியில் நேரத்தைத் தின்பது தூரத்தை விட மத்தியானம். சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம் இரண்டிலும் 12 மணியை ஒட்டி நடை சாத்தினால் மாலை 4-க்கு மேல்தான் திறப்பார்கள். மியூசியங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அது ஊருக்கு ஊர் வேறு: தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையில் வெள்ளி, புதுச்சேரி மியூசியத்தில் திங்கள். உங்கள் ஏஜென்ட் தரங்கம்பாடியைப் போட்டிருப்பது வெள்ளிக்கிழமை! மத்திய தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை, அறநிலையத் துறை, சுற்றுலாத் துறை என்று ஆளுக்கொரு கதவை வைத்திருக்கிறார்கள். எந்தக் கதவு எந்த நாள் சாத்தியிருக்கும் என்பதை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்க இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் போடச் சொல்வது இது. வியாழன் காலை 4.30-க்குக் கிளம்பிவிடுங்கள். மணி ஆறைத் தாண்டினால் தண்டையார்பேட்டையிலிருந்து திருவான்மியூரைத் தொடுவதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஏழுக்கு மாமல்லபுரம்: ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு, கடற்கரைக் கோயில், வெயில் ஏறும் முன் முடியும். மத்தியானம் வழியில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. கல்பாக்கத்தை ஒட்டியது, கூட்டமே இருக்காது. இரவு புதுச்சேரி. வெள்ளி காலை பிரெஞ்சுத் தெருக்களும் மியூசியமும். புதுச்சேரிக்குப் பக்கத்து அகழாய்வு மேடான அரிக்கமேட்டுக்குப் போக வேண்டியதில்லை. ரோமானியர் காலத்துப் பானையும் மணியும் மியூசியத்தில்தான் இருக்கின்றன, மேட்டில் செங்கல் சுவர் மட்டும். மாலை 5-க்குச் சிதம்பரம், இரவு அங்கேயே. சனி காலை பிச்சாவரம், பிற்பகல் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை, ஜெர்மன் போதகர் சீகன்பால்குவின் 1718-ஆம் ஆண்டு தேவாலயம், கடல் பாதி தின்ற மாசிலாமணிநாதர் கோயில், மூன்றும் நடக்கும் தூரம். கடலுக்கு எதிரே உட்கார்ந்து மாலையைக் கழிக்கலாம். இரவு காரைக்கால். ஞாயிறு காலை நாகூர், வேளாங்கண்ணி, மத்தியானம் ஒரு மணிக்குள் வண்டி சென்னையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பூம்புகாரும் கங்கைகொண்ட சோழபுரமும் இதில் இல்லை. இரண்டில் ஒன்றாவது வேண்டுமென்றால் சோழபுரத்தை எடுங்கள், பிச்சாவரத்தை விடுங்கள். காலை பத்துக்குள் அங்கே இருக்க வேண்டும்.

தேதியையும் ஒரு வாரம் முன்னதாக மாற்றுங்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை திருவிழா. உங்கள் பகுதியிலிருந்தே எத்தனை குடும்பங்கள் போகும் என்று உங்களுக்குத் தெரியாததா. அந்த நாட்களில் நாகப்பட்டினம் சாலையில் நடைபயணக் கூட்டம், அறை வாடகை ஏஜென்ட் சொன்ன கணக்கில் அடங்காது. அடங்காத பாக்கியை உங்களிடம்தான் கேட்பார்.

வண்டி. 14 பேருக்கு 14 சீட் வேன் போதும் என்பார்கள். ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்று) எழுதியிருக்கும் எண்ணிக்கையில் டிரைவரும் உண்டு, பெட்டிகளுக்கு இடமும் கிடையாது. 17 சீட்டுக்குக் குறையாமல் கேளுங்கள். பிரான்சிலிருந்து வந்த பெரிய பெட்டிகள் வீட்டிலேயே இருக்கட்டும். நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பெழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவானது, மலிவு. விபத்தென்றால் வாடகைக்கு ஓட்டியதைக் காட்டி இன்சூரன்ஸ் கையை விரிக்கும். வண்டி எண் "முந்தைய நாள் இரவு அனுப்புகிறேன்" என்றால் வண்டி இன்னும் பேசப்படவில்லை என்று பொருள். மூன்று நாள் முன்னே வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். இந்த வழி புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள் இரண்டு முறை நுழைகிறது: ஒன்று புதுச்சேரி, இன்னொன்று தரங்கம்பாடிக்கும் நாகூருக்கும் நடுவே காரைக்கால். தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும் உள்ள வண்டி அதற்குத் தனி பெர்மிட் எடுக்க வேண்டும். அந்தச் செலவு, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் 8,900-க்குள்ளா வெளியிலா என்று எழுதி வாங்குங்கள்.

'கிலோமீட்டர் கூடினால் தனி' என்ற வரி இருந்தால் உஷார். வெளியூர் வாடகையில் நாளைக்கு 250 கிலோமீட்டர் குறைந்தபட்சம் என்று கணக்கு வைப்பது வழக்கம். நான்கு நாளுக்கு 1,000. நீங்கள் ஓடப்போவது, ஊர் சுற்றல் சேர்த்தாலும், 800-ஐத் தாண்டாது. பிறகு எப்படிக் கூடும்? 'ஷெட் டு ஷெட்' என்று ஒன்று இருக்கிறது: பூந்தமல்லி ஷெட்டிலிருந்து உங்கள் தெரு வரைக்கும், திரும்பி ஷெட் வரைக்கும் உங்கள் கணக்கில் ஏறும். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் போட்டோ எடுங்கள்.

'கைடு உண்டு' என்பதில் கைடு பெரும்பாலும் டிரைவர்தான், அல்லது சாப்பாட்டுக்கு ஆளெண்ணும் 'டூர் மேனேஜர்'. மாமல்லபுரத்தில் அரசு அடையாள அட்டை அணிந்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அட்டையைப் பார்த்து, எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று முதலில் பேசிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகச் சொல்வார்கள். சிற்பக்கடைக்கு அழைத்துப் போனால் கமிஷன் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். மாக்கல் பிள்ளையாரைக் கருங்கல் என்று விற்பார்கள். அடிப்பக்கம் ஊக்கால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். கருங்கல்லில் ஊக்குதான் தேயும்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்தே மனுப் போடலாம், ஏஜென்ட் எந்த ஊராக இருந்தாலும். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. தீர்ப்பு எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வையுங்கள், அதுவே சாட்சி.

கடைசியாக சித்தப்பா குடும்பம். இதில்தான் வாசலில் வாக்குவாதம் வரும், அதனால் கொஞ்சம் விவரமாக. மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இணையத்தில் எடுத்தால் 35, 550. 15 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுக் குழந்தைக்கும் டிக்கெட் கிடையாது. நிறமோ பேச்சோ கணக்கில்லை, பாஸ்போர்ட்தான் கணக்கு. தமிழ் பேசினாலும் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் 600. ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தால் நினைவுச்சின்னங்களில் இந்தியர் கட்டணமே. 2021 மார்ச் அரசாணையில் அது தெளிவாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவைக் காட்டினால் ஆகாது, நீல அட்டை கையில் இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு அட்டை இருந்து, 20 வயது மகனுக்கு எடுக்காமல் விட்டிருந்தால் அவனுக்கு மட்டும் 600. இலங்கை பாஸ்போர்ட்டோடு உறவினர் யாராவது சேர்ந்துகொண்டால் அவருக்கும் 40-தான், சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாடு என்பதால். அதே இலங்கைக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தால் 600. கவுன்ட்டரில் இருப்பவருக்கே இது எப்போதும் தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம், அமைதியாகச் சொல்லுங்கள். ஓட்டலில் இன்னொரு சிக்கல்: வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பது ஓட்டலின் வேலை. சின்ன லாட்ஜுகள் அந்த வேலைக்குப் பயந்து இரவு பத்து மணிக்கு அறை இல்லை என்று சொல்லிவிடும். சிதம்பரம், காரைக்கால் அறைகளை உறுதி செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டையும் அட்டையையும் சித்தப்பா பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். பெட்டி வேனின் பின்பக்கம் அடியில் போய்விடும்.